இன்டர்ஃபெரானை முடக்கும் ஆன்டிபாடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. மற்றவர்கள் காய்ச்சல், இருமலோடு தப்பிவிட, ஒருவர் மட்டும் வென்டிலேட்டர் வரை போனது ஏன்? வயது, சர்க்கரை நோய், இதய நோய் என்று அப்போது காரணம் சொன்னோம். சரி, இவை எதுவும் இல்லாதவர்களும் அப்படிப் போனார்களே?

வைரஸ் நுழைந்ததும் நம் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டுப் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டறிந்தது இது. சிலருடைய ரத்தத்திலோ, கிருமிகளைப் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களே இதைப் பிடித்து முடக்குகின்றன. வைரஸ் வரும்வரை அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

2020இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஜான்-லோரான் கசனோவாவின் குழு, உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேரைச் சோதித்தது. 101 பேரிடம் இந்த ஆன்டிபாடிகள் இருந்தன; அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். அறிகுறி இல்லாமலோ லேசாகவோ வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. கோவிட்தான் இவற்றை உண்டாக்கியதோ என்ற சந்தேகம் எழும். சில நோயாளிகளின் ரத்தம் தொற்றுக்கு முன்பே எடுத்துச் சேமிக்கப்பட்டிருந்தது. அதிலும் இவை இருந்தன!

70 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பேரிடம் இவை காணப்படுகின்றன என்று அடுத்த ஆண்டு தெரியவந்தது. எனக்கு இது பெரிய எண்ணிக்கையாகவே படுகிறது.

இவை இருப்பதே நோய் என்று பயந்துவிடாதீர்கள். ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, ஆரோக்கியமானவர்களிடமும் கொஞ்சம் இருக்கும். அளவு கூடினால்தான் சிக்கல். அப்போது அந்தப் புரதம் முடங்கி, நுரையீரலைச் சுத்தம் செய்யும் செல்கள் வேலை செய்யாமல், காற்றுப்பைகளில் பிசுக்கு தேங்கும், மூச்சு வாங்கும். மயக்க மருந்து கொடுத்து, லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டு நுரையீரலைக் கழுவுவார்கள். கழுவிய நீர் பாலைப் போல வெளியே வரும். இப்போது அதே புரதத்தை மருந்தாக்கி மூச்சு வழியே கொடுக்கும் சிகிச்சையும் உண்டு.

இன்டர்ஃபெரானுக்கு எதிரான ஆன்டிபாடி 1980களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவானது. நாற்பது ஆண்டுகள் அதை ஓர் அபூர்வச் செய்தியாகவே ஒதுக்கிவைத்துவிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதியவர்களுக்கு இந்தச் சோதனை எளிதாகக் கிடைக்க வேண்டும். இருப்பது தெரிந்தால் தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் போடலாம், காய்ச்சலின் முதல் நாளிலேயே வைரஸ் மருந்தைத் தொடங்கலாம். மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அதைப் போட்டுக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலரிடமும் இதே ஆன்டிபாடிகள் இருந்திருக்கின்றன. ஆப்பிரிக்கப் பயணத்துக்காக அந்த ஊசி போடப் போகும் முதியவர்கள், டாக்டரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.