ஊன்றும் கால்

நேயர்களுக்கு வணக்கம்.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கரையோர ஊர்களில் எதில் வேண்டுமானாலும் ஒரு சாயங்காலம் வந்து நில்லுங்கள். எங்கேயாவது பிள்ளைகள் கால்பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். பந்து கோல் போஸ்ட் பக்கம் போனதும் சுற்றி நிற்கிற அத்தனை பேரும், வலை பின்னிக்கொண்டிருக்கிற பெரியவர்கள்கூட, "அடி மக்கா, அடி!" என்று கத்துவார்கள். கேரள எல்லை தாண்டிப் பொழியூருக்குப் போனால் அதையே மலையாளத்தில் கத்துவார்கள்.

அந்தக் கூச்சலைக் கேட்டு வளர்கிற பிள்ளை, கோல் அடிப்பது முழுக்க முழுக்க அடிக்கிற காலின் வேலை என்றே நினைத்துக்கொள்கிறது. புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது மற்றக் காலைப் பற்றி. ஊன்றி நிற்கிற காலைப் பற்றி.

எனக்கு இது புரிய நிறைய வருடங்கள் ஆயின. பதினைந்து வயதில் திருவனந்தபுரம் பக்கம் ஒரு போட்டிக்குப் போயிருந்தோம். கெட்டித்தரை மைதானம். அவர்களுடைய கோலி, அதாவது கோல் காக்கிறவன், விழுந்து கிடக்கிறான், பந்து என் முன்னால் நிற்கிறது, கோலுக்கு ஆறேழு எட்டு வைக்கிற தூரம்தான். பலம் முழுவதையும் சேர்த்து அடித்தேன். பந்து மேல்கம்பிக்கு மேலே பறந்து போனது. தோற்றுத் திரும்பினோம். பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. வேகம் கூடிப்போய்விட்டது என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோதுதான் காரணம் தெரிந்தது. நாங்கள் மணலில் விளையாடி வளர்ந்தவர்கள். இளகிய மணலில் பந்து கொஞ்சம் புதைந்து கிடக்கும். அதை வெளியே எடுக்க, பந்துக்கு அடியில் காலை விட்டுக் கோரி அடிப்போம். அப்படி அடிக்கும்போது ஊன்றும் கால் பந்துக்குப் பின்னால் நின்றுவிடும், உடம்பு பின்பக்கம் சாயும். மணலில் அதற்குக் கெடுதல் இல்லை. அதே அடியைக் கெட்டித்தரையில் அடித்தால் பந்து மேலே எழும்பும். கோல் போஸ்டின் உயரம் 2.44 மீட்டர்தான். ஆறு எட்டு தூரத்திலிருந்து அதைத் தாண்டி அடிப்பது ரொம்ப எளிது.

வீட்டில் பந்து இருந்தால் இப்போதே எடுத்து முற்றத்தில் வையுங்கள். வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்ளலாம். வலது காலால் அடிக்கிறவர் இடது பாதத்தைப் பந்துக்குப் பக்கத்தில், நேர் வரிசையில் ஊன்றுங்கள். பந்துக்கும் பாதத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். முழங்கால் விறைக்காமல் லேசாக மடங்கியிருக்க வேண்டும். பெருவிரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். வள்ளத்தின் அணியம், அதாவது முன்முனை, திரும்பிய பக்கம்தானே வள்ளம் போகும்? அப்படித்தான் இதுவும். ஊன்றிய பாதம் மூலைக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இடுப்பும் அங்கேதான் திரும்பும், பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும்.

அப்புறம் நெஞ்சு. பந்துக்கு மேலே கவிந்திருக்க வேண்டும். கண் பந்தின் மேல். கோலை முதலிலேயே ஒரு தரம் பார்த்துக்கொண்டால் போதும், அது எங்கும் போகாது. அடிக்கிற நேரத்தில் தலையை நிமிர்த்தினால் நெஞ்சும் கூடவே நிமிரும், பழைய கதைதான்.

இனி அடிக்கிற காலுக்கு வருகிறேன். வெறுங்காலோடு பழகிய பிள்ளைகளுக்கு நுனிவிரலால் குத்துகிற பழக்கம் இருக்கும். விரல் பந்தில் படும் இடம் மிகச் சிறியது. கொஞ்சம் விலகினாலும் பந்து எங்கேயோ போகும், நகமும் பெயரும். வேகமான அடிக்குப் பட வேண்டியது புறங்கால், அதாவது பூட்டில் லேஸ் கட்டுகிற இடம். விரல்கள் தரையைப் பார்க்க, கணுக்கால் விறைப்பாக இருக்க வேண்டும். கணுக்கால் தளர்ந்து ஆடினால் வேகத்தில் பாதி அங்கேயே செத்துவிடும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. பந்தைக் கையில் பிடித்து, கீழே விட்டு, புறங்காலால் மெதுவாகத் தட்டி மறுபடியும் கைக்கே கொண்டுவர வேண்டும். பந்து சுழலாமல் கைக்கு வந்தால் சரியான இடத்தில் பட்டிருக்கிறது. நான் பிள்ளைகளை ஒரு வாரம் இதை மட்டும் செய்ய வைப்பேன். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் விடமாட்டேன்.

முழு அளவுப் பந்தான 5ஆம் நம்பர் 410 முதல் 450 கிராம் எடை இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிது. 4ஆம் நம்பர் வாங்கிக் கொடுங்கள்.

நிற்கிற பந்தில் இதெல்லாம் வந்துவிடும். ஆட்டத்தில் பந்து நிற்காதே! இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். முன்னால் உருண்டு போகிற பந்தை அடிக்கும்போது, பாதத்தைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றினால் போதாது. கால் வீசி வருவதற்குள் பந்து தாண்டிப் போயிருக்கும். மீன் கூட்டம் போகிற போக்கைப் பார்த்து அதற்கு முன்னால் வலை வளைப்பதுபோல, பந்து வந்து சேரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும். எதிரே உருண்டு வருகிற பந்துக்கு இது தலைகீழ். பந்து இன்னும் நமக்கு முன்னால் இருக்கும்போதே காலை ஊன்றிக்கொண்டு, அது பாதத்துக்குப் பக்கத்தில் வந்து சேருகிறவரை பொறுத்து அடிக்க வேண்டும். ஒருவர் பந்தை உருட்டிவிட, இன்னொருவர் ஊன்றிக் காட்டட்டும். அடிக்கவே வேண்டாம். கால் சரியான இடத்தில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்கே அடிப்பது? கோலின் அகலம் 7.32 மீட்டர். கோலி நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் மூன்றரை மீட்டருக்கு மேல் இடம் கிடக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் தரையோடு மூலைக்கு அடியுங்கள் என்பேன். கையை உயர்த்துவதைவிட, விழுந்து தரைக்குப் போவது கோலிக்குக் கடினம். நம் ஊர் மேடு பள்ளத்தில் பந்து கடைசியில் ஒரு துள்ளலும் துள்ளும். பக்கத்திலிருந்து அடிக்கும்போது புறங்கால்கூடத் தேவையில்லை, பாதத்தின் உள்பக்கத்தால் தள்ளிவிட்டால் போதும். வேகம் குறைவு, ஆனால் நினைத்த இடத்துக்குப் போகும். ஃப்ரீ கிக் என்றதும் ரொனால்டோ மாதிரி காலை அகட்டி நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்த நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பிறகு அவர் பாதம் எங்கே ஊன்றுகிறது என்பதையும் பாருங்கள்.

இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ், இந்தியாவின் பெரிய கால்பந்துத் தொடர்களான ஐ லீக்கில் சென்னை சிட்டி அணிக்கும், ஐ.எஸ்.எல்லில் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. அணிகளுக்கும் ஆடியவர். இடதுகால் ஆட்டக்காரர். அவரைப் பார்த்து இடது காலால் அடிக்க ஆசைப்படுகிற வலதுகால் பிள்ளைகள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம். ஒரு காலால் மட்டும் அடிக்கிறவனை எந்தப் பக்கம் மடக்க வேண்டும் என்று தடுக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். பத்து அடியில் மூன்று நான்கு மறுகாலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு முப்பது அடி போதும், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அடித்தால். களைத்த பிறகு அடிக்கிற நூறு அடியும் தப்பான பழக்கத்தைத்தான் கால்களில் ஏற்றும். அடிக்கும் முன்னால் நன்றாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தொடை இடுக்கிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வளர்கிற எலும்பு அது.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலரிப்பில் எங்கள் கரை வருடாவருடம் குறைகிறது. நான் விளையாடிய இடத்தில் இன்று கருங்கல் கிடக்கிறது. கெட்டித்தரை மைதானம் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். அதுவரை, ஒரு வீட்டுச் சுவரும் பத்து எட்டு இடமும் கிடைத்தால்கூடப் பழகலாம். சுவரில் கரியால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழேயே அடித்துப் பழகுங்கள்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகிற அப்பாக்கள் அப்போது கரையில் இருப்பார்கள். பிள்ளைகளே, இரண்டு கல்லை வைத்து நடுவில் அவர்களைக் கோலியாக நிறுத்துங்கள். பக்கத்தில் நின்று ஓங்கி அடிக்காதீர்கள். பாதத்தின் உள்பக்கத்தால், தரையோடு, அப்பாவுக்கு வலது பக்கம் ஐந்து, இடது பக்கம் ஐந்து.

நன்றி, வணக்கம்.