டப்பா நிறைய இருந்தது

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம்ம கடற்கரை வீடுகளில் என்ன நடக்கும்? காலையில் பொரித்த அப்பளம் மத்தியானத்துக்குள் நமுத்துவிடும். ஜாடியில் போட்ட உப்பு கசிந்து கட்டியாகிவிடும். முறுகக் காய்ந்த கருவாடுகூட ஈரம் வாங்கித் துவண்டுபோகும். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி, எங்கே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் இது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் காரின் முன்பக்க மூடிக்குள் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும் பிரேக் ஆயிலும் அதே மாதிரி நமுத்துப்போகிற பொருள். காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். உச்சிப்புளியில் 30 வருஷத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்தேன். வந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இது புரிந்தது பட்டறையில் இல்லை, மலையில். அப்போது நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மே மாதம் அக்கா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனேன். கிளம்புமுன் பிரேக் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். டப்பா நிறைய இருந்தது. திருப்தியாக மூடிவிட்டேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி இறங்கும்போது, பெருமாள்மலை தாண்டியதும், பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே போகிற மாதிரி இருந்தது. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வளைவில் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி அமுங்கி, கால் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியரில் இருந்து முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் கம்பியால் இழுபடுவது. அதற்கு ஆயில் தேவையில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். வண்டி நின்ற பிறகும் அக்கா மடியில் இருந்த ஒயர் கூடையின் கைப்பிடியை விடவில்லை. பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை.

இறங்கிப் பார்த்தால் எங்கும் கசிவு இல்லை. ஆயில் அப்படியே நிறைய இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக நிற்கிறது! ஊர்ந்து ஊர்ந்து வத்தலக்குண்டு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு வயதான மெக்கானிக் டப்பாவில் இருந்து ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் துணியில் விட்டார். காப்பி டிகாஷன் நிறம். “கடலோரத்து வண்டியா தம்பி? எப்ப மாத்துனீங்க?” என்றார். வண்டி வாங்கியதிலிருந்து ஊற்றித்தான் பழக்கம், மாற்றியதே இல்லை.

நடந்தது இதுதான். ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அமுக்கிப் பாருங்கள், நகராது. உள்ளே கொஞ்சம் காற்று இருந்தால் அமுங்கிப்போகும். பெடலை மிதிக்கிற அழுத்தத்தை ஆயில் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்த முதல் மாதிரிதான். இறக்கத்தில் விடாமல் மிதித்தால் சக்கரத்தருகே சூடு ஏறும், ஆயிலில் சேர்ந்த தண்ணீர் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும். ஆறினால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும், பெடல் திரும்பி வரும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 100க்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு 230, ஈரம் சேர்ந்தால் 155.

“நம்ம ஊர் சமதரை, இங்கே எந்த மலை?” என்பார்கள். அதுதான் ஆபத்து. சமதரையில் பிரேக் அவ்வளவு சூடாகாது; கெட்டுப்போன ஆயில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலையேறும் நாளில்தான் தன் குணத்தைக் காட்டும்.

ஆகவே அளவு வேறு, தரம் வேறு. திரும்பவும் சொல்கிறேன், அளவு வேறு, தரம் வேறு. டப்பாவில் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இரண்டு கோடு இருக்கும். அளவு மெல்ல மெல்லக் குறைந்தால் பெரும்பாலும் சக்கரத்தை உரசி நிறுத்துகிற பிரேக் பேட் தேய்கிறது என்று அர்த்தம். முதலில் பேடைப் பாருங்கள். திடீரென்று குறைந்தால் கசிவு, வண்டியை எடுக்காதீர்கள். நிறம் கறுத்திருந்தால் பழசு என்று சொல்லிவிடலாம். வெளுப்பாக இருப்பதால் ஈரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஈரம் பார்க்கப் பேனா மாதிரி ஒரு கருவி பட்டறைகளில் இருக்கிறது, கேட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படியானாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டிப் புத்தகம் அதற்கு முன்பே மாற்றச் சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ‘ஆயில்’ என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, இது எண்ணெய் இல்லை. அப்படி நினைத்து என்ஜின் ஆயிலை ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய், பெடல் மிதியை வாங்குகிற மாஸ்டர் சிலிண்டரில் இருந்து சக்கரம் வரை மாற்ற வேண்டியதாகிவிடும். மூடியில் டாட் எத்தனை என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். போன வருஷம் திறந்து பாதி மிச்சம் வைத்த டின் வேண்டாம், அதுவும் நமுத்ததுதான். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்து வரும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். துரு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய் வந்தால் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக்காற்றில் பிரேக் குழாய் அரிக்கும், பிரேக்கில் ஏர் எடுக்கிற நிப்பிளும் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். இறுகினதைப் பலமாகத் திருகினால் ஒடிந்துவிடும். ஆயில் மாற்றுகிற அன்றே நிப்பிளின் ரப்பர் மூடி நாலு சக்கரத்திலும் இருக்கிறதா என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள். வணக்கம்.