துறைமுகம் நடந்த வழியில்

(தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அண்ணாச்சி அவர்களே, எண்பது வயதைத் தாண்டியும் வெற்றிலைக் கொடிக்காலுக்குச் சைக்கிளிலேயே போய்வரும் உங்களுக்கு முதல் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டிய நிலையிலும் புன்னைக்காயலிலிருந்து வந்திருக்கும் ஊர்க் கமிட்டிப் பெரியவர்களே, மக்ரிப் தொழுகையை முடித்துவிட்டுக் காயல்பட்டினத்திலிருந்து நேரே மேடைக்கு வந்திருக்கும் ஹாஜியார் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, அவர் கையோடு கூட்டி வந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, மைக் செட் தம்பி, மோர் ஏற்பாடு செய்திருக்கும் கடைக்கார அண்ணாச்சி, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கத்தில் மேடையில் பெயர் விட்டுப்போனால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது என்பது தெரிந்தும், நேரம் கருதி இதோடு நிறுத்துகிறேன்.

கொற்கையைச் சுற்றி நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் சுலபமான தடங்கள் என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. நாலு தடம் சொல்வதாக உத்தேசம். ஒன்று கொற்கைக் குளம், இரண்டு ஆத்தூர் முதல் புன்னைக்காயல், மூன்று காயல்பட்டினத்துக் கடற்கரை, நான்கு திருவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய்க் கரை.

‘நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை’ என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மனிதருக்குச் சொன்னதுதான். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு துறைமுகமே நடந்திருக்கிறது. பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பெயர்போன துறை கொற்கை. அங்கே முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று கிரேக்கர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. இன்றைக்குக் கொற்கையில் நின்றால் கடல் ஆறு கிலோமீட்டருக்கு அப்பால். துறை சும்மா இருக்குமா? எழுந்து காயலுக்கு நடந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தது அந்தக் காயலைத்தான். அரபு நாட்டுக் குதிரைகள் அங்கேதான் இறங்கின. அங்கேயும் மண் மேடிட்டது. அடுத்து புன்னைக்காயல், போர்ச்சுக்கீசியர் வந்த துறை. அப்புறம் தூத்துக்குடி. நடந்த துறைக்குக் கிரேக்கர் உறவு, அரபியர் உறவு, போர்ச்சுக்கீசியர் உறவு. நம்மில் பாதிப் பேருக்கு வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குக்கூட டி.வி.எஸ். வேண்டியிருக்கிறது.

முதல் தடம் கொற்கை. நடைக்கு உரியது. சைக்கிளை ஊருக்குள் நிறுத்திவிடுங்கள். ஏரல், முக்காணி இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். 1968-69இல் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 785 என்று கணக்கு வந்தது. அறுத்த சங்குத் துண்டுகளும் வளையல் துண்டுகளும் கிடைத்தன. குளத்தை ஒட்டி வெற்றிவேல் அம்மன் கோயில், ஊருக்குள் அந்தப் பழைய வன்னி மரம். இரண்டையும் பார்த்துக் குளத்தங்கரையில் நிதானமாக நடந்து திரும்ப ஒன்றரை மணி நேரம் போதும். காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். கரையில் நிழல் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். செருப்பு வேண்டாம், அடி கனமான ஷூ. எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கரையின் களிமண் வழுக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் எந்தக் கரைக்கும் போக வேண்டாம். தை பிறந்தபின் போங்கள், குளத்தில் தண்ணீரும் இருக்கும், பறவையும் இருக்கும்.

இரண்டாவது தடம், நாம் உட்கார்ந்திருக்கும் ஆத்தூரிலேயே தொடங்குகிறது. கொடிக்கால்களைத் தாண்டினால் சேர்ந்தபூமங்கலம். தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்தில் ஒன்பதாவது, சுக்கிரன் தலம். அதைக் கும்பிட்டு நேரே மிதித்தால் புன்னைக்காயல், ஆறு கடலில் கலக்கும் இடம். போக ஆறேழு கிலோமீட்டர்தான், ஏற்றமே கிடையாது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலை விளைகிற மண் இது. வழியில் யாராவது வெற்றிலையைக் கவுளிக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தால் நின்று பாருங்கள்.

ஏற்றம் இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து வருகிற காற்று. போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். வெயில் ஏற ஏற வலுக்கும். அதனால் அந்த மாதங்களில் ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மாசி, பங்குனியில் கதை வேறு. மதியத்தில் கடற்காற்று ஏறும்; அது திரும்பும் வழிக்குத் தோதாக இருக்கும், வெயில்தான் கொல்லும்.

இந்தப் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று. ஆடிக்கு அழைத்திருந்த புது மாப்பிள்ளை, பாளையங்கோட்டைக்காரர். கியர் வைத்த சைக்கிளைப் பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு, “மாமா, புன்னைக்காயல் வரைக்கும் போயிட்டு அரை மணி நேரத்துல வந்துருதேன்” என்கிறார். மாமனார், “காத்துக் காலம் மாப்ளே, சாயந்திரம் போகலாமே” என்று பார்த்தார். மாப்பிள்ளைக்கு எப்படி ‘போகாதீங்க’ என்று சொல்வது? விட்டுவிட்டார். போகும்போது ராஜா மாதிரிப் போயிருக்கிறார், மிதிக்கவே வேண்டாம். கடலைப் பார்த்தார், படம் பிடித்தார், கலர் குடித்தார். பதினொன்றுக்குத் திரும்பினால் கச்சான் முகத்தில் அறைகிறது. எதிரே லாரி. ரோட்டு ஓரம் ஒதுங்கினார். புஸ்!

அவரிடம் எல்லாச் சாமானும் இருந்தது, பையில் அழகாக அடுக்கி. டியூபைக் கழற்றி, ஓட்டை கண்டு, ஒட்டி, மாட்டி மிதித்தார். அரை கிலோமீட்டர் போகவில்லை, புஸ்! மறுபடி கழற்றி, ஒட்டி, மாட்டி, மறுபடி புஸ்! மூன்றாவது தடவை தள்ளிக்கொண்டு வந்து ஒரு கடையில் நின்றிருக்கிறார். கடைக்காரர் தாத்தா டியூபைத் தொடவே இல்லை. டயரை உருவி, கொஞ்சம் பஞ்சை உள்பக்கமாக ஒரு சுற்று தேய்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நின்றது. கொறடால் பிடுங்கினால் அரை அரிசி அளவுக்கு ஒரு முள் நுனி. “நீங்க ஓட்டைய டியூப்ல தேடுதீய மாப்ளைப்பிள்ளை, கள்ளன் டயருக்குள்ளல்லா உக்காந்திருக்கான்!” என்றாராம்.

கதை அதோடு முடியவில்லை. மணி ஒன்றரை. மாப்பிள்ளை வராமல் வீட்டில் யாரும் இலை போட முடியாது. மாமியார் வைத்த மீன் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. பசி தாங்காத மாமனார் டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு தேடி வந்தார். தாத்தா ஒட்டி முடிப்பதற்குள் அவசரம். மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து, சைக்கிளை அவர் தோளில் மாட்டிவிட்டு, தெரு முழுக்கப் பார்க்க வீடு வந்து சேர்ந்தார்கள். நடந்தால் நாடெல்லாம் உறவு என்பது சரிதான். அன்றைக்குத் தெருவே வாசலுக்கு வந்து, “என்ன மாப்ளே, பஞ்சரா?” என்று உறவு விசாரித்திருக்கிறது.

சிரித்தது போதும், கதையில் இருக்கிற பாடத்தைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆனால் முதலில் டயர் உள்பக்கம். விரலால் தடவாதீர்கள், பஞ்சோ பழைய துணியோ போதும். அப்புறம் டியூப். தண்ணீர் வாளியில் முக்கிக் குமிழி வரும் இடத்தை அடையாளம் வைத்து, ஈரம் போகத் துடைத்து, ஒட்டும் பட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிஷம் காயவிடுங்கள். விரல் வைத்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஈரத்தோடு ஒட்டினால் நம்ம ஊர் ரோட்டுச் சூட்டில் பட்டை கிளம்பிவிடும். காற்று இறங்கினதெல்லாம் பஞ்சரும் இல்லை. சாதாரண சைக்கிள் என்றால் வால்வில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாயை, அதுதான் வால்டியூப், கழற்றிப் பாருங்கள். வெயிலில் அந்த ரப்பர் வெடித்திருக்கும். இரண்டு இன்ச் துண்டு பையில் இருந்தால் வேலை முடிந்தது. கடலோரம் போய் வந்தால் அன்றைக்கே செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது தடத்துக்குத் திருச்செந்தூர் ரயிலில் வந்து காயல்பட்டினத்தில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தால் போதும். மாலை நேரம் நல்லது. அந்தப் பக்கத்து உப்பளங்களில் பாத்தி வரப்பில் ஏறுவதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஹாஜியார் இருக்கிறார், மிச்சத்தை அவர் சொல்வார்.

இப்போது ஷூ ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். உண்மையில் நான் வந்ததே இதற்காகத்தான். மாப்பிள்ளை டயரில் ஏறியது எந்த முள்? கொற்கைக் குளத்துக்குள், ஆற்றுப் படுகையில், ரோட்டு ஓரத்தில் என்று எங்கே பார்த்தாலும் நிற்கிற சீமைக் கருவேலம். இலைக்காம்புக்குப் பக்கத்தில் ஜோடி ஜோடியாக முள், சிலது இரண்டு இன்ச். காய்ந்தால் ஆணி. கொற்கையில் நாம் கும்பிடுகிற வன்னிக்கு இது பங்காளி முறை, ஒரே பேரினம் என்றுதான் தாவரவியலில் நெடுங்காலம் வகைப்படுத்தியிருந்தார்கள். வன்னி நம்ம மண்ணில் பிறந்தது, இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வந்த பங்காளி வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டான்.

2022இல் அரசாங்கம் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. நம் ஆட்கள் அகற்றுகிற லட்சணம் வேறு. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் தூரை விட்டுவிட்டு வெட்டுகிறார்கள். வெட்டிய தூரிலிருந்து பத்துக் கிளை முளைக்கிறது. சிம்புகளை ரோட்டு ஓரத்திலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். வெட்டாத மரத்தைவிட வெட்டிய இடத்தில்தான் பஞ்சர் அதிகம். கரி சுடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் அடுப்பு எரிவது அதில்தான். தூரையும் சேர்த்து எடுக்க அவர்களுக்கே கூலி கொடுங்கள் என்கிறேன்.

முறை இதுதான். முழங்கால் உயரத்துக்குக் கீழ் உள்ள கன்றை மழை பெய்து மண் இளகினதும் கையுறை போட்டு வேரோடு பிடுங்கலாம். பெரியதென்றால் தூரைச் சுற்றித் தோண்டி, தரைக்குக் கீழே ஓரடி வரை வேரை வெட்டி எடுக்க வேண்டும். காய் பழுக்கும் முன் செய்ய வேண்டும். ஆடு பழத்தைத் தின்றால் புழுக்கையோடு விதை ஊர் முழுக்கப் போகும். குளத்தங்கரையில் தோண்டினால் குழியை அப்படியே விட்டுவிடாதீர்கள், ஐப்பசி மழை அந்த வழியாகவே கரையை அரித்துவிடும். மண் போட்டு அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் கரையில் மண்வெட்டி வைக்கக் கூடாது. மன்றத் தலைவர் அவர்கள் இருக்கிறார்கள், அனுமதி கேட்கும் மனுவை, நீங்கள் கையெழுத்துப் போட்டதும், இங்கேயே அவர் கையில் கொடுக்கிறேன். முதல் வருஷம் எடுத்த இடத்தில் இரண்டாம், மூன்றாம் வருஷமும் போய்க் கன்று பிடுங்க வேண்டும். மண்ணில் விதை காத்துக்கொண்டு கிடக்கும்.

எடுத்த இடத்தில் பனங்கொட்டை போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், கொட்டை சும்மா கிடைக்கும். கரையின் வெளிச்சரிவில் பத்தடிக்கு ஒன்று, அரை அடி ஆழத்தில். நிழல் பார்க்க இந்தப் பிள்ளைகள் கல்யாணம் முடிந்திருக்கும், பரவாயில்லை. நடந்தால் நாடெல்லாம் உறவு என்கிறோம். நடக்கிற வழியை முள்ளுக்கு விட்டுவிட்டு எந்த உறவைத் தேடிப் போவது?

தலைவர் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார். நாலாவது தடம், அந்தக் கால்வாய்க் கரை, அப்படியே நிற்கிறது. இன்னொரு நாள் ஆகட்டும். மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் மோர்ப் பானைக்குப் பக்கத்திலிருக்கும் மேசைக்கு வாருங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் நில்லுங்கள். வணக்கம்.