பேரே நாட்டுத் துப்பாக்கி, நாட்டுக்கோழி மாதிரி!

வணக்கம் மக்களே, அஞ்செட்டி பக்கம் எங்க மாமாவோட ராகி காட்டுல பரண் மேல உக்காந்திருக்கேன், மூஞ்சி சரியா தெரியலனா கண்டுக்காதீங்க, போன் லைட்டு போட்டா மாமா திட்டுறாரு, பன்னி வராதாம். அட வராம இருந்தா நல்லதுதான மாமா?

சரி மேட்டருக்கு வரேன். டீக்கடையில ஒரு தம்பி கேட்டான், அண்ணா இப்ப பிரிண்டர்லயே துப்பாக்கி வருதாமேனு. ஆமாடா, 2013லயே அமெரிக்கால கோடி வில்சன்னு ஒருத்தரு லிபரேட்டர்னு 3டி பிரிண்டர்ல செய்யற ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியோட டிசைன் ஃபைல நெட்ல ஏத்திட்டாரு, கவர்மெண்ட்டு எடுக்கச் சொல்றதுக்குள்ள லட்சம் டவுன்லோடு ஆயிடுச்சு. சீரியல் நம்பர் இல்லாம வீட்லயே செய்யற துப்பாக்கிக்கு அங்க கோஸ்ட் கன்னு பேரு, அதாவது பேய்த் துப்பாக்கி. யாருகிட்ட இருக்குனு ஒரு கணக்கும் கிடையாது.

அதக் கேட்டதும் அவன் ஐயையோனு வாயப் பொத்திக்கிட்டான். எனக்கு சிரிப்பு வந்துச்சு. டேய், நம்ம தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கம் எத்தன மாட்டுக் கொட்டாய்ல கள்ளத்தனமா செஞ்ச துப்பாக்கிய சாக்கு சுத்தி சொருகி வெச்சிருக்காங்க, அதுல எதுல நம்பர் இருக்கு? அமெரிக்கால ஸ்கூல்ல சுட்டாங்கனு நியூஸ் வந்தா அந்த நாட்டுக்கே கிறுக்குங்கறோம், நம்ம ஊர்ல மட்டும் அது நாட்டுத் துப்பாக்கி, நாட்டுக்கோழி மாதிரி பேருலயே ஒரு செல்லம்!

போலீஸும் ஊர் ஊரா வந்து தானா ஒப்படைச்சா கேஸ் இல்லனு சொல்லித்தான் பாக்குறாங்க. மாட்டுனா சும்மா இல்ல, 2019ல ஆயுதச் சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செஞ்சா குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகும்.

ஆனா ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கிறவன் கஷ்டமும் தெரியுது, ஒரே ராத்திரியில பன்னிக்கூட்டம் அரை ஏக்கர உழுதுட்டுப் போயிடும், காட்ட ஒட்டி இருக்கிற நெலத்துல பன்னிய சுட ஃபாரஸ்ட்காரங்களுக்கே பர்மிஷன் இல்ல.

எங்க பெரியப்பா ஒருத்தருக்கு சோத்துக் கையில கட்டை விரல் கிடையாது. நாட்டுத் துப்பாக்கிக் குழல் வெடிச்சது, ஆஸ்பத்திரியில கொடுவாள் பட்டுடுச்சுனு சொன்னாங்க. நாலு விரல்ல களிய கிள்ள முடியாம இடது கையில திம்பாரு, சின்ன வயசுல நான் கிண்டல் பண்ணிருக்கேன், இப்ப நினைச்சா ஒரு மாதிரி இருக்கு.

ஜப்பான்ல 2022 ஜூலைல ஷின்சோ அபேவ சுட்டாங்களே, முன்னாள் பிரதமர், துப்பாக்கிச் சட்டம் அவ்வளவு கெடுபிடியான நாடு, அங்கயே ஒருத்தன் வீட்ல செஞ்சு எடுத்துட்டு வந்துட்டான். அந்த போட்டோவ மாமாகிட்ட காட்டினேன், ரெண்டு இரும்பு பைப்பு, மேல கருப்பு டேப்பு சுத்தியிருக்கு. ஜூம் பண்ணி ஜூம் பண்ணிப் பாத்துட்டு, "ஏண்டா, இது நம்மூரு வேலை மாதிரியே இருக்குது"ங்கறாரு!

இருங்க இருங்க, கீழ ஏதோ சலசலங்குது. மாமா தகரத்த தட்டப் போறாரு, ஆஃப் பண்றேன்.