காளவாயிலிருந்து கடலடிக்கு

வணக்கம். சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் சிலராவது இருப்பீர்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டுச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு 56 கிலோதான். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடுகிறது. சிமெண்ட் ஆலையிலும் இதுதான் நடக்கிறது. நிலக்கரியை அடியோடு நிறுத்தினாலும் கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியே வந்தே தீரும். ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் அந்தக் கல்லிலிருந்து வருவது. அதனால்தான் சிமெண்ட்டுக்காவது வாயுவைப் பிடித்துப் புதைக்கும் தொழில்நுட்பம் வேண்டும் என்கிறேன்.

நார்வேயின் பிரெவிக் ஊரில் ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸ் சிமெண்ட் ஆலை 2025 ஜூனில் இதைத் தொடங்கிவைத்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கலாம். புகையை அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலில் விட்டால் அது கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் சூடாக்கினால் விட்டுவிடும்.

சரி, பிடித்தாயிற்று. எங்கே வைப்பது? சிமெண்ட் செய்பவருக்குக் கடலடிப் பாறையைப் பற்றி என்ன தெரியும்? அது எண்ணெய்க் கம்பெனிகளுக்குத்தான் தெரியும். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதலே கரியமில வாயுவைக் கடலடியில் செலுத்தி வருகிறார்கள். அந்த அனுபவம் உள்ள நார்வே எண்ணெய்க் கம்பெனி ஈக்வினார், தன்னோடு சந்தையில் மோதும் ஷெல், டோட்டல் எனர்ஜிஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. அப்படிப் பிறந்ததுதான் நார்தர்ன் லைட்ஸ் என்ற கூட்டு நிறுவனம். திரவமாக்கிய வாயு கப்பலில் பெர்கன் பக்கத்துக் கரைக்கு வரும். அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் போய், கடல்தரைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்து மணற்பாறைக்குள் இறங்கும். 2025 ஆகஸ்டில் முதன்முதலாக அங்கே இறங்கியது பிரெவிக் ஆலையின் வாயு.

எண்ணெய் எடுத்து லாபம் பார்த்தவர்களே புதைப்பதற்கும் காசு வாங்குவதா என்று கேட்பீர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. போதாததற்கு, இந்த மொத்தத் திட்டச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நார்வே மக்களின் வரிப்பணம். ஆனாலும் முதல் குழாயைப் போடும் துணிச்சல் தனி ஆலை எதற்கும் வராது. வாயு வருமா என்று தெரியாமல் யார் கிணறு தோண்டுவார்? கிணறு இல்லாமல் யார் வாயுவைப் பிடிப்பார்? இந்த முடிச்சை அரசு பணம் போட்டுத்தான் அவிழ்த்தது.

இப்போது நெதர்லாந்தின் யாரா உர ஆலையும் ஸ்டாக்ஹோம் நகரின் வெப்ப நிலையமும் அதே கிணற்றில் இடம் கேட்டு ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஆண்டுக்கு 15 லட்சம் டன் என்று தொடங்கிய கொள்ளளவை 50 லட்சமாவது ஆக்கும் வேலை நடக்கிறது.