எறும்பும் ரேடாரும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கருவிகள் நம் புலன்களைக் கூர்மையாக்குகின்றனவா, மழுங்கடிக்கின்றனவா என்பது இன்றைய தலைப்பு. கூர்மையாக்குகின்றன என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்தக் காலத்தில் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மழை வரும் என்று தாத்தா சொல்லிவிடுவாராம்; இன்றைக்குப் பேரன் செல்போனைக் கேட்டுத்தான் குடை எடுக்கிறானாம். சரி, அந்த மழையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது. அது அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வருகிறது. எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்பதை வைத்து மழையின் வலு தெரியும். அலையின் அதிர்வெண் எப்படி மாறியிருக்கிறது என்பதை வைத்து, மழை நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதும் தெரியும். இதெல்லாம் வானிலை ஆய்வு மையத்து ஆட்களின் சமாச்சாரம் என்றுதான் முதலில் இருந்தோம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் நிலைமை மாறிவிட்டது. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், ராத்திரி படுக்கும் முன், பலத்த மழையைச் சிவப்பாகக் காட்டும் ரேடார் படத்தைப் பார்க்காத வீடு எங்கள் தெருவில் குறைவு. "சிவப்பு எல்லாம் கடல் மேலதான் இருக்கு, கரைக்கு வர்றதுக்குள்ள கரைஞ்சிடும்" என்று மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே சொல்கிறார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறாரா? மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே இருட்டியிருக்கிறதா என்று வேறு பார்க்கிறார்! தாத்தா வாசலுக்கு வந்த மழையைத் தெரிந்துகொண்டார். இவர் வங்காள விரிகுடாவில் நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்கிற மழையைத் தெரிந்துகொண்டு, வானத்தையும் அண்ணாந்து பார்க்கிறார். புலன் மழுங்கியவர் செய்கிற வேலையா இது? எறும்பையும் யாரும் தடை செய்துவிடவில்லை, நடுவர் அவர்களே. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வெறுங்கண்ணே போதும் என்றும் அண்ணன் சொன்னார். குதிரையோடு மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறான். ஏறிப் போயிருக்கிறான், சண்டை போட்டிருக்கிறான். ஆனால் பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. ஐரோப்பிய ஓவியர்கள் முன்னங்கால் முன்னே, பின்னங்கால் பின்னே நீட்டிக்கொண்டு பறப்பதுபோல வரைந்து தள்ளினார்கள். 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்கிற புகைப்படக்காரர் பந்தயப் பாதை ஓரமாகப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்தார். ஓடுகிற வழியில் குறுக்கே நூல் கட்டி, குதிரை கடந்து போகப் போக ஒவ்வொரு கேமராவும் படம் பிடிக்கும்படி செய்தார். படத்தைப் பார்த்தால், நான்கு கால்களும் எழுவது உண்மைதான். ஆனால் நீட்டிக்கொண்டு அல்ல, வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு! அதுவரை வரைந்தவர்கள் யாருக்கும் கண்ணில் கோளாறு கிடையாது.

காதுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1816-இல் பாரிஸில் லயன்னெக் என்ற மருத்துவர், ஒரு இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேராகக் காது வைத்ததைவிட இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதுதான். ஓசையைக் கொண்டுவந்து கொடுத்தது குழாய். எந்த ஓசை எந்த நோய் என்று பிரித்தறியக் காதுதான் பழக வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் அதற்கு முன் எந்த வைத்தியருடைய காதுக்கு இருந்தது?

தேர் வரும்போது எல்லார் கையும் செல்போனோடு மேலே நிற்கிறது, வடத்தைப் பிடிக்கக் கையில்லை என்றார் அண்ணன். ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் அதைப் பார்த்தால் எரிச்சல்தான். ஆனால் செல்போன் வருவதற்கு முன்னால் எல்லாரும் சாமியை மட்டுமே பார்த்தார்களா? யார் என்ன புடவை, எத்தனை சவரன் என்று பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணியில் பேச வரும் அக்காவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, கையில் இருக்கிற குறிப்புச் சீட்டை அவர் வாசிக்கட்டும். வாசித்துவிட்டால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.