சான்டா கிளாரா கவுண்டி: பணம் எங்கே போகிறது, நாம் எப்போது வாய் திறக்க வேண்டும்?

[திரையில்: கலிபோர்னியா வரைபடம். 58 கவுண்டிகளில் சான்டா கிளாரா மட்டும் நிறம் மாறுகிறது.]

வணக்கம். கவுண்டி என்பது பல நகரங்களை உள்ளடக்கிய, நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. ஆனால் எல்லாவற்றுக்கும் அதனிடம் போக முடியாது. அதற்குள் இருக்கும் சன்னிவேலில் உங்கள் தெருவில் குழி விழுந்தால் சிட்டியிடம் சொல்ல வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பிரச்சினைக்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அது தனி நிர்வாகம், தேர்தலும் தனி. பஸ் வரவில்லை என்றால் வி.டி.ஏ. என்ற போக்குவரத்து நிறுவனம். இந்த மூன்றையும் கவுண்டி போர்டு, அதாவது கவுண்டியை நிர்வகிக்கும் குழு, முன்னால் போய்ச் சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், அதோடு சரி.

அப்படியானால் கவுண்டியிடம் என்னதான் இருக்கிறது? வேலி மெடிக்கல் சென்டர், ஓ'கானர் முதலான அரசு மருத்துவமனைகள். மெடி-கால் (குறைந்த வருமானத்தோருக்கான மருத்துவக் காப்பீடு), கால்ஃபிரெஷ் (உணவு உதவி) விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது. ஜெயில், ஷெரிஃப், தேர்தல் நடத்துவது, சொத்து மதிப்பீடு, தொற்றுநோய்த் தடுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு. குப்பர்டினோ, சாரடோகா போன்ற ஊர்களில் போலீஸ் வேலையையும் ஒப்பந்தத்தின் பேரில் ஷெரிஃப் துறையே பார்க்கிறது. எந்த சிட்டியின் எல்லைக்குள்ளும் வராத இடங்களில் சாலையும் கட்டட அனுமதியும்கூட கவுண்டியின் பொறுப்புதான்.

[திரையில்: 5 டிஸ்ட்ரிக்ட்கள், 5 நாற்காலிகள்.]

இதையெல்லாம் முடிவு செய்பவர்கள் போர்டில் இருக்கும் 5 சூப்பர்வைசர்கள், டிஸ்ட்ரிக்ட்டுக்கு (தொகுதிக்கு) ஒருவர். பதவிக்காலம் 4 ஆண்டு. 3 ஓட்டு விழுந்தால் பெரும்பாலான தீர்மானங்கள் நிறைவேறிவிடும்.

கவுண்டியின் முன்னுரிமை என்ன என்று தெரிய வேண்டுமா? இணையதளத்தில் அழகாகப் போட்டிருக்கும் இலக்குகளைப் படிக்காதீர்கள். பட்ஜெட்டைப் பாருங்கள். ஆண்டு பட்ஜெட் 1,000 கோடி டாலருக்கு மேல். ஆனால் அதில் பெரும்பகுதி மாநில அரசும் ஃபெடரல் அரசும் இந்தத் திட்டத்துக்கு மட்டும் என்று கட்டிக் கொடுத்த பணம். மெடி-கால் பணத்தை எடுத்துப் பூங்காவுக்குச் செலவழிக்க முடியாது. போர்டு தன் விருப்பப்படி ஒதுக்கக்கூடியது ஜெனரல் ஃபண்டில் (பொது நிதியில்) ஒரு பகுதி மட்டும்தான். உண்மையான இழுபறி அந்தப் பகுதிக்காகத்தான்.

2025 ஜூலையில் ஃபெடரல் சட்டம் மெடிகெய்ட் நிதியை வெட்டியது. மெடி-கால் என்பது மெடிகெய்டின் கலிபோர்னியா வடிவம்தான். பெரிய மருத்துவமனைகளை வைத்திருக்கும் கவுண்டிக்கு அது நேரடி அடி. அதை ஈடுகட்ட நவம்பரில் மெஷர் ஏ என்ற வரித் தீர்மானம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து ஜெயித்தது. 5 ஆண்டுகளுக்கு விற்பனை வரியில் கூடுதலாக ஒரு சென்ட்டின் 8இல் 5 பங்கு. 100 டாலர் பொருளுக்கு 62.5 சென்ட்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போர்டு வாக்கெடுப்புக்கு விடும் வரி, பொது வரி என்றால் பாதிக்கு மேல் ஓட்டு போதும். குறிப்பிட்ட காரியத்துக்கான வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2025 மெஷர் ஏ பொது வரி. பிரச்சாரம் முழுக்க மருத்துவமனையைப் பற்றியே இருந்தாலும், பணம் ஜெனரல் ஃபண்டுக்குத்தான் போகிறது. அது மருத்துவமனைக்குப் போய்ச் சேருகிறதா என்பது ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில்தான் முடிவாகும். 2016இல் வந்தது வேறு மாதிரி: 95 கோடி டாலர் கடன் பத்திரம், குறைந்த விலை வீடுகளுக்கு மட்டும், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு. அதன் பெயரும் மெஷர் ஏதான்! ஆண்டைச் சொல்லாமல் பேசினால் குழப்பம் நிச்சயம்.

[திரையில்: 12 மாதச் சக்கரம். ஜூலை 1 சிவப்பில்.]

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. குளிர்காலத்திலேயே துறைகள் தங்கள் கோரிக்கைகளைத் தயாரித்துவிடும். மே மாதத்தில் நிர்வாகத்தின் பரிந்துரை பட்ஜெட்டும் அதைப் பற்றிய கூட்டங்களும். ஜூனில் பொது விசாரணை, பிறகு ஓட்டு. பெரும்பாலானவர்கள் வந்து வரிசையில் நிற்பது ஜூனில்தான். அதற்குள் வரவும் செலவும் நேராக்கப்பட்டிருக்கும். ஓர் இடத்தில் கூட்டினால் இன்னோர் இடத்தில் வெட்டியாக வேண்டும். அப்போது மிஞ்சுவது சின்னச் சின்ன மாற்றங்கள்தான். ஒரு கிளினிக்கின் நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்று கேட்பதானால் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் கேளுங்கள். உங்கள் சூப்பர்வைசர் அலுவலகத்தில் அந்தத் துறையைக் கவனிக்கும் உதவியாளர் ஒருவர் இருப்பார். அவரோடு 20 நிமிடம் பேசுவது, ஜூனில் மைக் முன்னால் நிற்பதைவிடப் பயன் தரும்.

இன்னோர் இடமும் இருக்கிறது, அங்கே கூட்டமே இருக்காது. போர்டுக்குக் கீழே சுகாதாரம், நிதி, வீட்டுவசதி என்று கமிட்டிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 2 சூப்பர்வைசர்கள். ஏன் 2? மூன்றாவது ஆள் சேர்ந்தால் அது போர்டின் பெரும்பான்மை ஆகிவிடும். பல விஷயங்கள் இங்கேதான் வடிவம் பெறுகின்றன.

[திரையில்: அஜெண்டா பக்கம். 72 மணி நேரக் கடிகாரம்.]

இனி கூட்டம். 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி (உள்ளூர் அரசுக் கூட்டங்களை வெளிப்படையாக நடத்தச் சொல்லும் கலிபோர்னியா சட்டம்), வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டா, அதாவது கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியல், வெளியாக வேண்டும். செவ்வாய் காலைக் கூட்டம் என்றால் சனி காலைக்குள். சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் போதும், கவனம். போர்டின் கூட்டங்களையும் ஆவணங்களையும் கவனிக்கும் கிளர்க் அலுவலகத்தின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிட்டால் தேடி அலைய வேண்டாம்.

அஜெண்டாவும் இணைப்புகளும் நூற்றுக்கணக்கான பக்கம் வரும். முழுவதும் படிக்கத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டிய அயிட்டத்தின் அறிக்கையில் மூன்று இடங்களைப் பாருங்கள்: போர்டிடம் என்ன செய்யச் சொல்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, இதை நிராகரித்தால் என்ன ஆகும். மூன்றாவதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். துறையின் வாதம் எங்கே பலவீனம் என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

கன்சென்ட் காலண்டர் என்று ஒரு பகுதி இருக்கும். ஒப்பந்தங்கள் உட்பட பத்துக்கணக்கான அயிட்டங்கள், விவாதம் இல்லாமல் ஒரே ஓட்டில் முடிந்துவிடும். உங்கள் அயிட்டம் அதில் இருந்தால், முந்தைய நாளே சூப்பர்வைசர் அலுவலகத்தில் சொல்லி அதைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். மதியம்தான் நம் முறை வரும் என்று நினைத்து வந்தவர்கள், காலையிலேயே அது முடிந்துபோனதைக் கேட்டு விழிப்பது சகஜம்.

பேச அனுமதி யாருக்கு? யாருக்கும். ஹெச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா, கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், பார்க்க வந்த பெற்றோர், எல்லோருக்கும். பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது. (தேர்தல் நன்கொடை வேறு கதை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் உள்ளூர் வேட்பாளருக்குக்கூடக் கொடுக்கக் கூடாது, ஃபெடரல் சட்டம்.)

நேரம் 1 அல்லது 2 நிமிடம். வரிசை நீண்டால் தலைவர் குறைப்பார். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினால் சட்டப்படி இரட்டிப்பு நேரம். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இருந்தால் மட்டும் அது கிடையாது. ஆகவே அம்மா தமிழிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கிளர்க்கிடம் சில நாள் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு நிமிடத்தில் அயிட்டம் எண், ஆதரவா எதிர்ப்பா, நீங்களே கண்ட ஒரு தகவல், என்ன மாற்ற வேண்டும் என்பது. அவ்வளவுதான் கொள்ளும். அஜெண்டாவில் இல்லாததைப் பேசினால் போர்டு அன்று முடிவெடுக்க முடியாது; சட்டம் தடுக்கிறது. அதிகாரிகளிடம் அனுப்பலாம், சுருக்கமாகப் பதில் சொல்லலாம். அவர்கள் பேசாமல் இருப்பதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆவணம் வேண்டுமா? கலிபோர்னியா பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். ஊரில் ஆர்டிஐ இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். இங்கே யாரும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டாம். ஆனால் 10 நாளில் வருவது, ஆவணம் தர முடியுமா என்ற பதில்தான். அதையும் மேலும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். "மருத்துவமனை பற்றிய எல்லாம்" என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். ஒப்பந்ததாரர் பெயர், தேதி வரம்பு, ஆவண வகை மூன்றையும் குறிப்பிடுங்கள்.

[திரையில்: கமிஷன் விண்ணப்பப் படிவம்.]

கடைசியாக, உள்ளேயே போய் உட்காரும் வழி. முதியோர், நூலகம், பூங்கா என்று பல ஆலோசனைக் கமிஷன்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு முடியும் பதவிகளின் பட்டியலை ஒவ்வொரு டிசம்பர் 31க்குள்ளும் கவுண்டி தயாரிக்க வேண்டும். நடுவில் எதிர்பாராமல் இடம் காலியானால், அறிவிப்பு ஒட்டி 10 வேலை நாட்கள் போகாமல், அவசரம் தவிர, நிரந்தரமாக யாரையும் நியமிக்க முடியாது. அந்த 10 நாளுக்குள் உங்கள் விண்ணப்பம் கிளர்க் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். பல கமிஷன்களில் இடங்கள் சூப்பர்வைசர் வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், டிஸ்ட்ரிக்ட் எண்ணை முகவரி வைத்துச் சரிபார்த்து எழுதுங்கள்.